மகளுக்கு ஒரு ஹேண்டில்பார்

இடப்பக்கக் கைப்பிடி வலப்பக்கத்தைவிட அரை விரற்கடை தாழ்ந்திருந்தது. சுவரில் சாய்த்து வைத்திருப்பதால் அப்படித் தெரிகிறதோ என்று சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் தாழ்ந்துதான் இருந்தது. "எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். மகள் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "இரண்டு வாரம் இருக்கும். ஓட்டும்போது தெரியாது அப்பா" என்றாள்.

அந்தப் பதில்தான் என்னைக் கலக்கியது. கப்பலூர் தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குழாய்களை வளைத்தும் பற்றவைத்தும் பிழைப்பவன் நான். இரும்பு தானாகச் சரியாது. ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்றால் எங்கேயோ ஓர் இடம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

அவளுக்கு வயது பதினான்கு, உயரம் சரியாக ஐந்தடி. டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தபோது, சின்னச் சைக்கிளில் மேடுகளில் ஏறிக் குதித்து வித்தை காட்டும் பி.எம்.எக்ஸ். ஃப்ரீஸ்டைல் முதன்முறையாக அதில் இடம்பெற்றது. பிரிட்டனின் ஷார்லட் வொர்திங்டன் முதல் ஓட்டத்தில் விழுந்தார். இரண்டாவது ஓட்டத்தில் அதே வித்தையை, அந்தரத்தில் ஒரு முழுச் சுற்றும் பின்குட்டிக்கரணமும் சேர்ந்த அதே வித்தையை, மறுபடி முயன்று தங்கம் வென்றார். அந்தக் காட்சியை என் மகள் எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. என் கைபேசியின் மாத டேட்டா அதில்தான் போனது. அடுத்த பொங்கலுக்குள் இருபது அங்குலச் சக்கரம் வைத்த ஒரு சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டது. திருநகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கண்மாய். கோடையில் வறண்டதும் வண்டல் அள்ளுகிறவர்கள் விட்டுப்போகும் மேடுகள்தான் அவளுடைய மைதானம். 1970களின் தொடக்கத்தில் தெற்குக் கலிபோர்னியாவில் மண்தடத்தில் பந்தயம் விடும் மோட்டோகிராஸ் பைக் ஓட்டுபவர்களைப் பார்த்த சிறுவர்கள், அதைப் போலவே தங்கள் சின்னச் சைக்கிள்களை மண்மேட்டில் ஏற்றிப் பார்த்ததுதான் இந்த விளையாட்டின் பிறப்பு. அவர்களுக்கும் காலி மனையும் மண்ணும்தான் கிடைத்தன.

நான் சைக்கிள் கற்றது வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குள். இப்போது தண்ணீர் நிற்கும் அந்தக் குளம் அப்போது பல ஆண்டுகள் வறண்டு கிடக்கும். மைய மண்டபத்தைச் சுற்றி ஒரு பக்கம் கிரிக்கெட், மறுபக்கம் வாடகை சைக்கிள் ஓட்டும் எங்களைப் போன்றவர்கள். கம்பி பிரேக் வைத்த அந்தப் பெரிய சைக்கிளில் ஹேண்டில்பாரும், அதைத் தாங்கி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்குள் இறங்கும் தண்டும் ஒரே உறுப்பாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். உயரம் வேண்டுமானால் தண்டை ஏற்றலாம், இறக்கலாம். அதற்கு மேல் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. ஹேண்டில்பாரைத் 'தேர்ந்தெடுப்பது' என்று ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு நாற்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது.

சரி, வளைந்த ஹேண்டில்பார், சுருக்கமாகப் பார். எனக்கு முதலில் வந்தது கை அரிப்பு. பட்டறைக்கு எடுத்துச்சென்று, வைஸில் பிடித்து, உள்ளே ஒரு கம்பியை நுழைத்து நெம்பினால் பத்து நிமிடத்தில் நேராகிவிடும். மறுநாள் எடுத்தும் போய்விட்டேன். தடுத்தவர் எங்கள் போர்மேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பிறகு எங்களிடம் வந்தவர். பாரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நெம்புவதற்கு முன்னால் சுண்ணாம்பு போட்டுப் பார்த்தாயா?" என்றார்.

சுண்ணாம்புச் சோதனை ரயில்வேக்காரர்களின் பழைய வித்தை. பெயிண்டைச் சுரண்டிவிட்டு அந்த இடத்தை மண்ணெண்ணெயில் ஊறவிட வேண்டும். நன்றாகத் துடைத்து உலரவிட்டு, மேலே சுண்ணாம்புப் பொடியை மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஏதாவது இருந்தால், அதற்குள் புகுந்துகொண்ட எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளையில் ஒரு கருங்கோடாக எழும். இதே வேலையைச் செய்யச் சிவப்புச் சாயமும் வெள்ளைத் தெளிப்பானும் சேர்ந்த டப்பாக்கள் இப்போது வந்துவிட்டன, எங்கள் பட்டறையிலும் உண்டு. ஆனாலும் போர்மேனுக்குச் சுண்ணாம்புதான். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தோம். பாரின் இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் கம்பி வந்து சேரும் பற்றின் (வெல்டிங்கின்) ஓரத்தில், இடப்பக்கம், நகக்கண் நீளத்துக்கு ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. அதே பாரைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மேட்டிலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள்.

மேலேயே ஒரு பற்று போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஏனென்றால் என் தம்பியே கேட்டான். பற்றவைக்கும் சூடு, பற்றுக்குப் பக்கத்திலுள்ள உலோகத்தின் தன்மையை மாற்றிவிடும். வெடிப்பு பெரும்பாலும் பற்றில் தொடங்குவதில்லை. பற்று முடிந்து குழாய் தொடங்கும் அந்த விளிம்பில்தான் தொடங்கும். மேலே இன்னொரு பற்று போட்டால் அந்த விளிம்பை ஓர் அங்குலம் தள்ளிவைக்கிறோம், அவ்வளவுதான். கேட்டுக்குப் போடலாம், கட்டிலுக்குப் போடலாம். பிள்ளை தொங்கும் பாருக்குப் போடக் கூடாது. பற்றவைத்தே சோறு சாப்பிடுகிறவன் சொல்கிறேன்.

அந்தப் பாரின் மேல் ஆங்கிலத்தில் ஏதோ ஆவேசமான ஒரு சொல் அச்சிடப்பட்டிருந்தது. உள்ளே இருந்தது சாதாரண மென்எஃகு. நல்ல பி.எம்.எக்ஸ். பார்கள் 4130 என்ற எண் கொண்ட குரோமோலி எஃகில் வருகின்றன. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்த குடும்பத்தைச் சொல்கின்றன. கடைசி இரண்டும் கார்பன் ஏறத்தாழ 0.30 சதவீதம் என்பதை. மென்எஃகு 250 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) அளவில் நிரந்தரமாக வளையத் தொடங்கினால், 4130 நானூறையும் தாண்டித் தாங்கும். சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்தினால் இன்னும் மேலே போகும்.

இங்கே ஒரு பொதுவான குழப்பம் உண்டு. குரோமோலி 'விறைப்பானது' என்று எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை. ஒரே அளவு குழாயில் இரண்டு எஃகும் ஒரே சுமைக்கு ஏறத்தாழ ஒரே அளவுதான் வளையும். வேறுபாடு, சுமையை எடுத்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்பதில். அதனால்தான் குரோமோலிக் குழாயின் சுவரை மெல்லியதாக வைத்து எடையைக் குறைக்க முடிகிறது. நடுவிலும் வளைவிலும் தடிமனாக விட்டு, கைப்பிடிப் பக்கம் சுவரை மெலிய வைப்பார்கள். ஒரு நல்ல பார் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் இருக்கும். வலுவும் மலிவும் சேர்ந்த பார் ஒன்றை யாராவது கொடுத்தால் அதைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

பொருள் முடிவாயிற்று. அடுத்தது அளவு. சண்டை தொடங்கியது இங்கேதான்.

"பத்து அங்குலம்" என்றாள் மகள். பி.எம்.எக்ஸ். பாரின் உயரம் என்பது ஸ்டெம் (பாரை ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடிக்கும் தனி உறுப்பு) பிடிக்கும் நடுப்பகுதியிலிருந்து கைப்பிடி மட்டம் வரை உள்ள அளவு. இருபது ஆண்டுகளுக்கு முன் எட்டு அங்குலமே உயரமான பார். பிறகு ஓட்டுபவர்களின் விருப்பம் மேலே மேலே ஏறி, இப்போது ஒன்பதும் பத்தும் சாதாரணம். அவள் பார்க்கும் காணொளிகளில் எல்லோரும் உயரமான பார்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஐந்தடி எட்டு அங்குலத்துக்குக் குறையாத ஆண்கள் என்பதை நான் சொன்னபோது, அவள் அதை வேறு பொருளில் எடுத்துக்கொண்டாள். "பெண்பிள்ளைக்குச் சின்னது போதும் என்கிறீர்களா?" அத்தை வீட்டில் கேட்ட வசனங்களின் பாக்கி என் தலையில் விழுந்தது. வாயால் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

மின்வயர் ஓட்டும் இருபது மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயும் கொஞ்சம் எல்போவும் வாங்கி மூன்று பொய்ப் பார்கள் செய்தேன். எட்டு, எட்டே முக்கால், பத்து. நடுவில் டேப் சுற்றித் தடிமனாக்கி ஸ்டெம்மில் பிடிக்கவைத்தேன். இவை ஓட்டுவதற்கு அல்ல. நான் பின்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் பெடலில் ஏறி நின்று பார்க்க மட்டும். ஐம்பது ரூபாய்ச் செலவில் ஒரு தையல் அளவு.

பத்து அங்குலத்தில் நின்றபோது அவளுடைய முழங்கைகள் இரண்டு பக்கமும் கோழிச் சிறகு போல விரிந்துகொண்டன. அவர்கள் பன்னி ஹாப் என்று சொல்லும் தாவலுக்கு (நான் முயல் குதி என்றால் கோபம் வரும்) பாரை இடுப்புப் பக்கம் இழுத்து, உடலைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். அவள் சாய்வதற்கு முன்பே பார் மார்பில் வந்து முட்டியது. எட்டு அங்குலத்தில் முதுகு வில்லாக வளைந்து, மாவாட்டுகிறவள் போல நின்றாள். நடுப் பாரில் முதுகு தானாக நிமிர்ந்தது. முழங்கை கொஞ்சம் மடிந்து தளர்ந்தது. ஒன்றும் பேசாமல் இறங்கி, அதே பாரில் மறுபடி ஏறி நின்று பார்த்தாள். அதற்குப் பிறகு பத்து அங்குலப் பேச்சு வீட்டில் எழவில்லை.

ஐந்தடிக்குக் கீழே எட்டு, எட்டரை. ஐந்தடியிலிருந்து ஐந்தரை அடி வரை எட்டரை முதல் ஒன்பது. ஆறடியை நெருங்குகிறவர்களுக்கு ஒன்பதரை, அதற்கு மேல் பத்தும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இப்படித்தான், இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கை நீளம், சைக்கிளின் நீளம், ஸ்டெம்மின் வகை எல்லாம் இதைக் கலைத்துப் போடும். முன்பக்கமாகப் பிடிக்கும் ஸ்டெம்மைவிட மேல்பக்கமாகப் பிடிக்கும் ஸ்டெம் பாரை ஓர் அங்குலம் வரை உயர்த்திவிடும். ஏற்கெனவே மேல்பிடி ஸ்டெம் இருக்கிறவர்கள் உயரமான பாரும் வாங்கிவிட்டு மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார்கள்.

அகலத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. திண்ணையின் சிவப்புத் தரையில் அவளைத் தண்டால் எடுக்கச் சொன்னேன். பத்து எடுத்து முடித்ததும் உள்ளங்கைகளின் வெளிவிளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டேன். உடம்பு தள்ளுவதற்குத் தானாகத் தேர்ந்துகொள்ளும் அகலம் அதுதான். இருபத்தேழரை அங்குலம் வந்தது. கடைப் பார்கள் பெரும்பாலும் இருபத்தெட்டிலிருந்து முப்பது வரை வருகின்றன. அகலமாக வாங்கிப் பிறகு அறுக்கலாம், குறுகலாக வாங்கி நீட்ட முடியாது. பந்தயம் ஓட்டுகிறவர்கள் அகலத்தை விரும்புவார்கள், நெம்புவிசை கிடைக்கும். பாரை அந்தரத்தில் முழுச் சுற்றுச் சுற்றிப் பிடிக்கிறவர்களுக்கு அது முழங்காலில் இடிக்காமல் போக வேண்டும்.

கைப்பிடிகள் ஓட்டுபவரை நோக்கி எவ்வளவு மடிந்திருக்கின்றன, மேல்நோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்று இரண்டு கோணங்கள் உண்டு. பின்மடிப்பு பத்து முதல் பன்னிரண்டு பாகை, மேல்சாய்வு ஒன்று முதல் நான்கு பாகை என்ற வழக்கமான எல்லைக்குள் இருந்தால் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு துண்டா நான்கு துண்டா என்ற விவாதத்தில் மட்டும் எனக்குச் சொந்தக் கருத்து உண்டு. ஒரே குழாயை வளைத்து ஒரு குறுக்குக் கம்பியை மட்டும் பற்றவைத்தால் இரண்டு துண்டு. அடிக்குழாய், இரண்டு கால்கள், குறுக்குக் கம்பி என்று சேர்த்தால் நான்கு துண்டு. நான்கு துண்டுப் பாரின் கூர்மையான கோணங்கள் பார்க்க அழகு, பிடிக்க விறைப்பு என்று அதன் ரசிகர்கள் சொல்வார்கள். நல்ல பற்றாக இருந்தால் இரண்டும் உழைக்கும் என்பதும் உண்மை. ஆனால் யார் பற்றவைத்தது என்று எனக்குத் தெரியாத பொருளில் பற்றுகள் குறைவாக இருப்பதே எனக்கு நிம்மதி. இதைத் தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகப் புத்தி என்றும் சொல்லலாம்.

மதுரையில் தேடினோம். பழங்காநத்தத்தில் எனக்குப் பழக்கமான சைக்கிள் கடை பாய் ஒருவர், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "மாட்டுகிற இடத்தின் விட்டம் என்ன?" என்று முதல் கேள்வி கேட்டார். பி.எம்.எக்ஸ். பார் அவர் விற்றதே இல்லை. ஆனாலும் அதுதான் சரியான கேள்வி. பி.எம்.எக்ஸ். பாரின் நடுவிட்டம் வழக்கமாக 22.2 மில்லிமீட்டர், முக்கால் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்துக்கும் நடுவில். கடைகளில் தொங்கும் மற்றச் சைக்கிள் பார்கள் பலவற்றில் அது 25.4, முழு ஓர் அங்குலம். பி.எம்.எக்ஸிலும் சில பார்கள் 25.4இல் வருவதால், ஸ்டெம்மை அளக்காமல் பார் வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவதுதான். பாய் வெர்னியரை என்னிடமே கொடுத்து அளக்கச் சொன்னார். 22.2. "இந்த அளவில் என்னிடம் இல்லை தம்பி. இருக்கிறதென்று தகடு சுற்றி மாட்டிக் கொடுக்கிறவனிடம் போகாதே" என்றார்.

கடைசியில் பெங்களூரில் ஓட்டுகிற ஒரு பையன் தன் பழைய பாரை விற்றான். 4130, இரண்டு துண்டு, எட்டே முக்கால் உயரம், இருபத்தொன்பது அகலம், 1,800 ரூபாய். பழைய பார் வாங்குவது தவறில்லை, பார்க்காமல் வாங்குவதுதான் தவறு. பட்டறையில் மட்டம் பார்க்க வைத்திருக்கும் சமதளத் தட்டில், சர்ஃபேஸ் பிளேட்டில், குப்புற வைத்தேன். இரண்டு கைப்பிடி முனைகளும் ஒரே மட்டத்தில் தட்டில் பட்டன. பற்றுகளின் ஓரமெல்லாம் பெயிண்டைச் சுரண்டிப் போர்மேனிடம் கொடுத்தேன். ஸ்டெம் பிடிக்கும் இடத்திலும் பார்க்கச் சொன்னார். பிடி வழுக்காமல் இருக்க அங்கே சொரசொரப்பாகக் கீறியிருப்பார்கள். பார் அதிகம் வளையத் துடிப்பதும் அந்த விளிம்பில்தான், ஆகவே வெடிப்பு தொடங்க அதுவும் ஒரு நல்ல இடம். சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது. குழாயின் உள்ளே டார்ச் அடித்துத் துருவும் பார்த்தோம். அந்தப் பையனுக்கு இதெல்லாம் தெரிந்தால் சிரித்திருப்பான்.

மாட்டியது மகள். நான் கை வைக்கவில்லை, வாய் மட்டும் வைத்தேன். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பாரின் கால்கள் ஃபோர்க்கின் சாய்வுக்கு இணையாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் சாய்த்தால் முழங்கால் இடிக்கும். முன்னால் தள்ளினால் உடம்பு சக்கரத்தின் மேல் கவிழும். ஸ்டெம்மின் நான்கு போல்ட்டுகளையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி நான்கு பக்கமும் ஒன்றாக இருக்கும்படி இறுக்கினாள். மரையில் கிரீஸ் வைக்கலாம், பார் உட்காரும் இடத்தில் வைத்தால் குதித்து இறங்கும்போது பார் சுழன்றுவிடும். ரப்பர் கைப்பிடிகளை ஏற்ற, கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிடைசர் பயன்பட்டது. ஏற்றும்போது வழுக்கும், பிறகு ஆவியாகிப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தடவலாம் என்ற என் மனைவியின் யோசனை நிராகரிக்கப்பட்டது.

முனை மூடிகளை மட்டும் நானே இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். மூடி இல்லாத பாரின் வாய், எங்கள் பட்டறையில் தோலில் வாஷர் வெட்டும் பஞ்ச் போன்றது. விழும்போது வயிற்றிலோ தொடையிலோ பட்டால் வட்டமாக வெட்டி எடுத்துவிடும். பாரில் இருப்பதிலேயே மலிவான உறுப்பு அது, தொலைந்துபோவதும் அதுதான். தொலைந்தால் புதியது மாட்டும் வரை சைக்கிள் வெளியே போகாது என்பது எங்கள் வீட்டில் நான் போட்ட ஒரே சட்டம்.

ஒரு மாதம் இருபத்தொன்பது அங்குலத்திலேயே ஓட்டினாள். கைகள் தானாக உள்ளே நகர்ந்து, ரப்பரின் வெளி விளிம்பு தேயாமலே இருந்தது. அப்போதுதான் அறுப்பது என்று முடிவு செய்தோம், பக்கத்துக்கு அரை அங்குலம். தண்டால் கணக்குப்படி முக்கால் வந்தாலும், வலப்பக்கத்தில் பிரேக் லீவருக்கு இடம் வேண்டும், அவளும் இன்னும் வளருவாள். ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஹேக்ஸா பிளேடோடு உட்கார்ந்தோம். அவனியாபுரத்துக்காரரான பக்கத்து வீட்டு மாமா பால் வாங்கிக்கொண்டு வந்தவர் நின்று, "என்ன, வாடிவாசலுக்கு முன்னால் கொம்பு சீவுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இடப்பக்கத்தை மகள் அறுத்தாள். குழாயைச் சுற்றி டேப் ஒட்டி, டேப்பின் விளிம்பை ஒட்டியே பிளேடை நகர்த்தி, நிதானமாக. வலப்பக்கம் என்னுடையது. கண்மட்டத்திலேயே அறுத்துவிடுகிற ஆள் என்ற பெயர் எனக்குப் பட்டறையில் உண்டு. டேப் எதற்கு என்று ஆரம்பித்தேன். அரத்தால் பிசிறை எடுத்து, மூடிகளை அடித்து, அளவு நாடாவைப் பிடித்தபோது என் பக்கம் மூன்று மில்லிமீட்டர் நீளம்.

"ஓட்டும்போது தெரியாது அப்பா" என்றாள் மகள். ரப்பரைக் கழற்றி இன்னொரு முறை அறுக்கவும் விடவில்லை, மேட்டுக்கு நேரமாகிவிட்டதாம். இன்றைக்கும் அந்தச் சைக்கிள் திண்ணையோரம் சாய்ந்து நிற்கும்போது என் கண் நேராக வலப்பக்க முனைக்குத்தான் போகிறது.